மலைவாழையின் மூன்று சுவடிகள்



செல்லைப் பற்றியும் மரபணுவைப் பற்றியும் பேசச் சொல்லி என்னை இந்தக் கொடைக்கானலுக்கு அழைத்தார்கள். முப்பது ஆண்டுகள் தாவரவியல் வகுப்பெடுத்தவன் நான். கரும்பலகையில் வட்டம் போட்டு, நடுவில் இன்னொரு வட்டம் போட்டு, 'இது செல், இது உட்கரு' என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இன்று அந்த வட்டம் வேண்டாம். இந்த மேசையைப் பாருங்கள். ஒரு பஞ்சாமிர்த டப்பா. ஒரு கொத்து மலைப்பூண்டு. ஒரு கண்வலிக்கிழங்குக் காய். ஒரு சீப்பு மலைவாழைப் பழம். நான்கும் நம் பழனி மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவை. செல்லின் கதை முழுவதும் இந்த நான்கிலும் இருக்கிறது. அதைத்தான் இன்று உங்களோடு பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

முதலில் டப்பா. பழனி பஞ்சாமிர்தம் 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அதில் என்ன இருக்கிறது? வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கெடாமல் இருக்க மருந்து எதுவும் சேர்ப்பதும் கிடையாது. ஆனாலும் அது கெடுவதில்லை. பாதயாத்திரை போனவர் வாங்கி வந்த டப்பா, வீட்டில் பல நாள் அப்படியே இருக்கிறது. அதே வாழைப்பழத்தைத் தனியாக வைத்தால் மூன்றாம் நாள் கறுத்து ஒழுகுகிறது. ஏன்?

பழத்தைக் கெடுப்பது யார்? பூஞ்சையும் பாக்டீரியாவும். அவையும் செல்கள்தாம். ஒரு பாக்டீரியா என்பது ஒரே ஒரு செல். அந்தச் செல்லைச் சுற்றி ஒரு சவ்வு. ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவு இருக்கும்? அதைவிட மெல்லியது அந்தச் சவ்வு. அது தண்ணீரை விடும். சர்க்கரையை அப்படிச் சுலபமாக விடாது. வெளியே சர்க்கரை அடர்த்தியாக இருந்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் சவ்வு வழியே வெளியேறிவிடும். பஞ்சாமிர்தத்துக்குள் விழுந்த பாக்டீரியா தன் தண்ணீரை இழந்து, வளர வழியில்லாமல் சுருண்டு கிடக்கிறது. நறுக்கிய வெள்ளரிக்காயில் உப்புத் தூவினால் ஐந்து நிமிடத்தில் தட்டில் தண்ணீர் நிற்கிறதே, அதே செயல். ஊறுகாயும் கருவாடும் இதே கணக்குத்தான். சவ்வூடு பரவல் என்று பாடப்புத்தகம் பெயர் சொல்லும் முன்பே நம் பாட்டிமார்களின் கை அதைச் செய்துகொண்டிருந்தது.

ஆக, செல் என்றால் முதலில் ஒரு வேலி. உள்ளே இருப்பது உள்ளே, வெளியே இருப்பது வெளியே. இந்த வேலி இல்லாமல் உயிர் இல்லை.

செல்லை முதலில் கண்டவர் ராபர்ட் ஹூக். 1665இல் தக்கைத் துண்டைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். தேன்கூடு போலக் காலி அறைகள் தெரிந்தன. பின்னால் வந்த ராபர்ட் பிரவுன், 1831இல் அந்த அறைக்குள் ஓர் உருண்டையைச் சுட்டிக் காட்டி உட்கரு என்று பெயர் வைத்தார். எந்தச் செடியில் பார்த்தார் தெரியுமா? ஆர்க்கிட் செடியில். உங்கள் செண்பகனூர் அருங்காட்சியகத்தில் தொங்கவிட்டு வளர்க்கிறார்களே, நம் சோலைகளில் மரக்கிளையில் தொற்றிப் பூக்கிறதே, அந்தக் குடும்பத்துச் செடிதான். 1855இல் விர்ச்சோ என்ற ஜெர்மானிய மருத்துவர், செல் எல்லாம் இன்னொரு செல்லிலிருந்துதான் பிறக்கிறது என்று ஓங்கிச் சொன்னார். இதைச் சொல்ல ஐரோப்பாவுக்கு அத்தனை காலம் ஆயிற்று. வாழைத்தோட்டக்காரருக்கு அது புதிய செய்தியா? கட்டையிலிருந்து கன்று, கன்றிலிருந்து கட்டை. வாழையடி வாழை.

அடுத்தது பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு, இதுவும் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் விளைவது. இதோ ஒரு பல்லைத் தோலுரித்துக் கையில் வைத்திருக்கிறேன். முன்வரிசைத் தம்பி, வா, முகர்ந்து பார். வாசம் வருகிறதா? இல்லை. இப்போது கட்டை விரலால் நசுக்குகிறேன். இப்போது? பின்வரிசை வரை வந்திருக்கும்.

ஒரு நொடிக்கு முன் இல்லாத வாசம் எங்கிருந்து வந்தது? பூண்டுச் செல்லுக்குள் அல்லீன் என்று ஒரு பொருள் ஓரிடத்தில் இருக்கிறது. அதை மாற்றும் நொதி, செல்லின் நடுவே உள்ள நுண்குமிழுக்குள் தனியாகப் பூட்டப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒரே செல்லுக்குள் ஆயுள் முழுவதும் குடியிருந்தாலும் சந்திப்பதில்லை. பல் படும்போது, அம்மி படும்போது, சுவர் உடைகிறது, இரண்டும் கலக்கின்றன, அல்லிசின் பிறக்கிறது. அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 1944இல் அறிவித்தவர் செஸ்டர் கவல்லிட்டோ என்ற அமெரிக்க வேதியியலாளர். பூண்டைக் கடிக்க வரும் பூச்சிக்காகச் செடி வைத்திருக்கும் காவல் அது. முழுப் பல்லைக் கொதிக்கும் குழம்பில் போடுகிறீர்கள். அங்கே காரம் இல்லை, இனிக்கிறது. ஏனென்றால் சுவர் உடையும் முன்பே சூடு நொதியைக் கொன்றுவிட்டது. ரசத்துக்கு ஏன் நசுக்கிப் போடச் சொல்கிறாள் அம்மா என்று இப்போது புரிகிறதா?

செல் ஒரே அறை என்று நினைத்தோம். அது அறைகள் கொண்ட வீடு. மாவரைக்கும் இடம் தனி, அடுப்பு தனி, குப்பை போடும் இடம் தனி. சர்க்கரையை எரித்துச் சக்தி எடுக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒருபுறம். வெயிலைப் பிடித்துச் சர்க்கரை ஆக்கும் பசுங்கணிகம் ஒருபுறம். நடுவில் உட்கரு. அங்கேதான் சுவடிப் பெட்டி இருக்கிறது.

சுவடி என்று ஏன் சொல்கிறேன்? நம் ஏட்டுச்சுவடிகளை நினைத்துப் பாருங்கள். மூல ஏடு பெட்டியை விட்டு வெளியே வராது. தேவைப்பட்ட பகுதியை ஒருவர் பெயர்த்தெழுதிக்கொண்டு போவார். உட்கருவிலும் அப்படித்தான். மூலம் டி.என்.ஏ. தமிழுக்கு 247 எழுத்து, டி.என்.ஏ.வுக்கு நான்கே எழுத்து. ஏ, டி, ஜி, சி. இரண்டு இழைகள் முறுக்கிக்கொண்டிருக்கின்றன. ஏக்கு எதிரே டி, ஜிக்கு எதிரே சி. ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வகத்தில் 1952இல் எடுத்த எக்ஸ்ரே படமும் வாட்சன், கிரிக் இருவரின் மாதிரியும் சேர்ந்து 1953இல் இந்த வடிவத்தை உலகுக்குக் காட்டின. ஓர் இழை தெரிந்தால் எதிரிழையை எழுதிவிடலாம். படியெடுக்கும் வித்தை அந்த முறுக்கிலேயே இருக்கிறது.

எவ்வளவு நீளம்? மலைவாழையின் ஒரு செல்லில் ஏறத்தாழ 150 கோடி எழுத்து. நீட்டிப் பிடித்தால் அரை மீட்டர் அளவு வரும். கண்ணுக்கே தெரியாத உட்கருவுக்குள் அரை மீட்டர் நூல்! நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு மீட்டர். நூல் நீண்டால் பெருமை என்று எண்ணிவிட வேண்டாம். மனிதனுக்கு ஒரு தொகுதியில் 300 கோடி எழுத்து. கையில் இருக்கும் இந்தப் பூண்டுக்கு 1,600 கோடி!

எழுத்து இருந்து என்ன பயன், படிக்க ஆள் வேண்டாமா? இங்கே உங்களைப் பழைய பழமண்டிக்கு அழைத்துப் போகிறேன். பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பச்சைத் தார்களை அறைக்குள் நெருக்கி அடுக்குவார்கள். மூலையில் சருகும் வைக்கோலும் போட்டுப் புகைமூட்டம் போடுவார்கள். கதவை அடைத்துச் சந்துகளைச் சாணத்தால் பூசுவார்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ திறந்தால் மஞ்சள் வெயில் அடித்தது போல இருக்கும் அறை. சிறு வயதில் என் அப்பாவோடு போய் அந்தக் கதவு திறக்கும் நேரத்துக்காக நான் காத்து நின்றிருக்கிறேன். கண் எரியும், வாயில் எச்சில் ஊறும்.

உள்ளே நடந்தது என்ன? புகையில் எத்திலீன் என்ற வாயு கொஞ்சம் இருக்கிறது. அது வாழைக்காயின் செல்லுக்குள் போய், அதற்கென்றே காத்திருக்கும் ஒரு புரதத்தில் ஒட்டுகிறது. சேதி உட்கருவுக்குப் போகிறது. அதுவரை மூடிக் கிடந்த ஏடுகள், அதாவது மரபணுக்கள், திறக்கின்றன. மாவை உடைக்கும் நொதி எப்படிச் செய்வது என்ற ஏடு. செல்சுவரின் பெக்டினைக் கரைப்பது எப்படி என்ற ஏடு. பச்சையத்தை அழிக்கும் ஏடு. இன்னும் எத்திலீன் செய் என்ற ஏடு. ஒவ்வொன்றுக்கும் நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகலுக்குப் பெயர் ஆர்.என்.ஏ. நகல் வெளியே வருகிறது. ரைபோசோம் என்ற பொறி அதை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. நான்கு எழுத்தில் மூன்றெழுத்துச் சொற்கள் மொத்தம் 64. அவற்றில் 61 சொற்கள் இருபது வகை அமினோ அமிலங்களைக் குறிக்கும். மூன்று சொற்கள் முற்றுப்புள்ளி. இந்த அகராதியைக் கண்டறிந்ததற்காக 1968இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. படிக்கும் பொறியின் வடிவத்தை அணு அணுவாகக் கண்டதற்காக 2009இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். கோத்த புரதம் எப்படி மடியலாம், எப்படி மடிய முடியாது என்று 1963இல் வரைபடம் போட்டுத் தந்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் அவரது கூட்டாளிகளும். உலகம் இன்றும் ராமச்சந்திரன் வரைபடம் என்றுதான் அதைச் சொல்கிறது. ஏடு, நகல், புரதம். இந்த மூன்று படியிலும் நம்மவர் கை இருக்கிறது, பிள்ளைகளே. நெஞ்சு நிமிர்த்திக் கேளுங்கள்.

காயில் ஐந்தில் ஒரு பங்கு மாவு. பழமாகும்போது அது சர்க்கரை. சாணம் பூசிய கதவுக்குப் பின்னால் நடந்ததெல்லாம் மரபணு திறந்த வேலைதான். வாழையின் வேரிலும் இதே ஏடுகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் வேர் பழுக்காது. எந்த இடத்தில் எந்த ஏட்டைத் திறப்பது, எதை மூடியே வைப்பது என்பதில்தான் வேர் வேராகவும் இலை இலையாகவும் இருக்கிறது.

இப்போது மூன்றாவது பொருள். கண்வலிக்கிழங்குக் காய். செங்காந்தள், நம் மாநில மலர். அடிவாரத்தில் ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் கம்பிப் பந்தல் கட்டிக் கொடி ஏற்றுகிறார்களே, அதன் விதை. இதைத் தொடாதீர்கள், செடி முழுதும் விஷம். இந்த விதைக்கு ஏன் விலை? இதில் கால்சிசின் இருக்கிறது. மூட்டுவாத மருந்துக்கு அது போகிறது. செல்லறிவியலுக்கு அது செய்த உதவி அதைவிடப் பெரியது.

ஒரு செல் இரண்டாகும்போது என்ன செய்கிறது? சுவடி முழுவதையும் ஒரு பிரதி எடுக்கிறது. குழம்பாமல் இருக்க நூலைச் சுருட்டிச் சுருட்டிக் கட்டுகளாக்குகிறது. அந்தக் கட்டுகள்தாம் குரோமோசோம்கள். பிறகு இரண்டு முனையிலிருந்தும் மெல்லிய இழைகள் வந்து, ஒவ்வொரு இரட்டைக் கட்டையும் பிடித்து, ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் இழுக்கின்றன. நடுவே சுவர் எழும்புகிறது. இரு செல், இரண்டிலும் அதே சுவடி. கால்சிசின் என்ன செய்யும்? இழைகள் உருவாகவே விடாது. பிரதி எடுத்தாயிற்று, கட்டு கட்டியாயிற்று, இழுக்கத்தான் ஆளில்லை. செல் பிரியாமல் இருமடங்கு குரோமோசோமோடு நின்றுவிடும். குரோமோசோமை எண்ணுவதற்கு அந்த நிலைதான் வசதி. இருமடங்குச் செடிகளை உண்டாக்கவும் அதுதான் வழி.

இந்தக் கால்சிசினைக் கையில் எடுத்து உலகம் வியக்க வேலை செய்த பெண்மணி ஒருவர் உண்டு. ஜானகி அம்மாள். 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1930களில் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை எண்ணியவர். பின்னர் இங்கிலாந்தில் டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை எல்லாம் திரட்டி 1945இல் பெருநூலாக்கினார். கால்சிசின் இட்டு அவர் வளர்த்த மக்னோலியா மரவகை ஒன்று இன்றும் அவர் பெயரோடு பூக்கிறது. இந்த அவையில் இருக்கும் பெண் குழந்தைகள் அந்தப் பெயரை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஜானகி அம்மாள்.

இனி நான்காவது பொருள். நான் வந்ததே இதைச் சொல்லத்தான்.

விருப்பாச்சி மலைவாழை. விருப்பாச்சி என்பது கோபால் நாயக்கரின் பாளையம், வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த ஊர். அந்த ஊர்ப் பெயரே இந்தப் பழத்துக்கும். கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டத்துக்குள்ளே நிழலுக்கு நிழலாக, வருமானத்துக்கு வருமானமாக வளர்வது. தோல் கொஞ்சம் தடிப்பு, சதையில் தண்ணீர் குறைவு, மணம் தனி. பஞ்சாமிர்தத்துக்குப் பெரியவர்கள் இதைத் தேடியது இதனால்தான். ஒன்றை உரித்து நுனியில் விரலால் மெல்ல அழுத்துகிறேன். பாருங்கள், நீளவாக்கில் மூன்றாகப் பிரிகிறது. பூவின் சூலகம் மூன்றறை. அதன் தடம் இது. நான் தலைப்பில் சொன்ன மூன்று இதுவல்ல. ஒரு கீற்றின் உள்ளோரம் பாருங்கள். பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளி. விதை ஆகியிருக்க வேண்டியவை. ஆகவில்லை. ஏன் ஆகவில்லை?

அதே தோட்டத்தில் காப்பிச் செடி நிற்கிறது. அராபிகா. பழத்தைப் பிதுக்கினால் இரண்டு விதை. பக்கத்தில் வாழை, விதையே இல்லை. ஒரே மண், ஒரே மழை. வேறுபாடு எண்ணிக்கையில் இருக்கிறது. காப்பிக்குக் குரோமோசோம் 44. பதினொன்று பதினொன்றாக நான்கு தொகுதி. வாழைக்கு 33. பதினொன்று பதினொன்றாக மூன்று தொகுதி. விதைக்கான பாலணு உண்டாகும்போது நடப்பது சாதாரணப் பிரிவு அன்று, குன்றல் பிரிவு. அங்கே அப்பா வழி வந்த சுவடியும் அம்மா வழி வந்த சுவடியும் பக்கத்தில் பக்கம் நின்று ஜோடி சேர வேண்டும். ஏடு மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு பாதி பாதியாகப் பிரிய வேண்டும். நான்கு பேர் என்றால் இரண்டு ஜோடி. மூன்று பேர் என்றால்? ஒருவர் தனியாக நிற்கிறார். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கணக்குக் குலைகிறது. பாலணு பழுதாகிறது. அந்தக் கறுப்புப் புள்ளிகள் குலைந்த கணக்கின் மிச்சம்.

மலைவாழையின் மூன்று சுவடிகளில் இரண்டு, அக்குமினாட்டா என்ற காட்டு வாழையினுடையவை. ஒன்று, பால்பிசியானா என்ற இன்னொரு காட்டு வாழையினுடையது. நூலில் ஏஏபி என்று போடுவார்கள். என்றோ ஒரு நாள், எங்கோ ஒரு காட்டில், ஒரு பாலணு பாதியாகக் குன்றாமல் 22 குரோமோசோமோடு வந்தது. 11 உள்ள இன்னொன்றோடு சேர்ந்தது. 33. அந்தச் செடியின் பழத்தில் விதை இல்லை. பல்லில் கல் போலக் கடிபடும் விதை இல்லாத பழத்தை யாரோ ஒருவர் தின்றார், கன்றைப் பெயர்த்து வீட்டோரம் நட்டார். நியூகினித் தீவின் குக் சதுப்பில் 6,500 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிட்ட தடயம் கிடைத்திருக்கிறது. அத்தனை பழைய பழக்கம் இது. வாழை வகைகளை இன்று வரை கடத்தி வந்தவை மனிதரின் கையும் கன்றும்தாம்.

இதன் பொருளை ஒரு கணம் நின்று யோசியுங்கள். தாண்டிக்குடியில் நிற்கும் மலைவாழையும் பாச்சலூரில் நிற்கும் மலைவாழையும் அக்கா தங்கை இல்லை. தாய் மகளும் இல்லை. ஒரே செடி. ஒரு செல், இரண்டாகி, நான்காகி, பிரிந்து பிரிந்து வந்த ஒரே உடம்பின் கிளைகள். இடையிடையே படியெடுக்கும்போது எழுத்துப் பிழை விழும். செவ்வாழைத் தோட்டத்தில் எப்போதாவது ஒரு கன்று பச்சைப் பழம் தள்ளுகிறதே, அது அப்படி விழுந்த பிழைதான். ஆனால் ஏடு மாற்றிக்கொள்ளும் வழி அதற்கு அடைபட்டுவிட்டது.

அதனால் என்ன நேர்ந்தது? 1970களின் தொடக்கத்தில் நான் பள்ளிச் சிறுவன். ஒரு நாள் அப்பா ஓர் இலைக்காம்பை வெட்டி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். காம்பில் கரும்பச்சையாகப் புள்ளியும் கோடுமாக இருந்தது, யாரோ பேனாவால் தந்தி எழுதியது போல. "குருத்து விரிய மாட்டேங்குதுப்பா" என்றார். இலைகள் குட்டையாகி, நெட்டுக்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கொண்டை போட்டது போல நின்றன. தார் வரவில்லை. அடுத்த ஆண்டு பக்கத்துக் கட்டையும் அப்படியே. அதன் கன்றும் அப்படியே. ஒரு பருவத்தில் எங்கள் சரிவில் அப்பா வெட்டிப் போட்ட வாழைகளின் வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. தார் இறக்கிய குதிரைகள் அந்த வருடம் வெறும் முதுகோடு நின்றன.

முடிக்கொத்து நோய். 1889இல் பிஜித் தீவில் பதிவானது. இலங்கை வழியாக 1940ஐ ஒட்டிக் கேரளத்துக்குள் வந்தது. மலையேறி நம்மிடம் வந்தது. கீழ்ப்பழனி மலையில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிப்போயிற்று. செய்தது யார்? ஒரு வைரஸ். அதற்குச் செல் கிடையாது. வேலி கிடையாது, அடுப்பு கிடையாது, ரைபோசோம் கிடையாது. ஆறே ஆறு டி.என்.ஏ. வளையம், ஒவ்வொன்றிலும் ஆயிரத்துச் சொச்சம் எழுத்து. 150 கோடி எழுத்துள்ள வாழையை ஏழாயிரத்துக்கும் குறைந்த எழுத்து வீழ்த்தியது! எப்படி? அது செல்லுக்குள் போய்த் தன் ஏட்டைச் சுவடிப் பெட்டிக்குள் நுழைத்துவிடுகிறது. வாழையின் பொறிகளே அதையும் படிக்கின்றன, அதையும் படியெடுக்கின்றன. கருமையான சிறு அசுவினிப் பூச்சி ஒன்று இலைமடலின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, அடுத்த வாழைக்கு அதைக் கொண்டுபோகிறது. நாமோ கன்றிலேயே வைத்து, அடுத்த மலைக்கே தலைச்சுமையாகக் கொண்டுபோனோம். தெரிந்து செய்ததில்லை. கன்று பார்க்கப் பச்சையாகத்தான் இருந்தது.

ஒரு பூட்டுக்குச் செய்த சாவி ஊர்ப் பூட்டுகளுக்கெல்லாம் பொருந்தினால் திருடனுக்கு வேறென்ன வேண்டும்? விதை எதற்கு என்று கேட்டால் இங்கேதான் விடை. நம் குறிஞ்சியைப் பாருங்கள். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030. பன்னிரண்டு ஆண்டு சேர்த்ததையெல்லாம் ஒரு பூப்பில் கொட்டி, விதை போட்டுவிட்டுச் செடி மடிகிறது. எத்தனை செலவு! அந்தச் செலவில் அது வாங்குவது கலப்பு. சரிவில் முளைக்கும் நாற்றுகளில் எந்த இரண்டும் ஒரே சுவடி இல்லை. மலைவாழைக்கு அந்த வாய்ப்பில்லை. அதற்கு நாம்தான் உண்டு.

என்ன செய்ய முடிந்தது? இங்கே கேரட் உதவிக்கு வருகிறது. 1958இல் ஸ்டூவர்ட் என்ற அறிஞர் அமெரிக்காவில் கேரட் கிழங்கின் செல்களைத் திரவத்தில் வளர்த்து முழுச்செடியே வரவழைத்தார். கிழங்குச் செல்லில் மூடிக் கிடந்த ஏடுகளை எல்லாம் மீண்டும் திறக்க முடியும் என்று தெரிந்தது. வாழைக்கும் அதுவே வழி. கன்றை எடுத்து, மடல் மடலாக உரித்துக்கொண்டே போனால், கடைசியில் வளர்நுனி. குண்டூசித் தலையைவிடச் சிறிய வெண்மையான மேடு. சாறு ஓடும் குழாய் அங்கே இன்னும் போடப்படவில்லை. அந்தக் குழாயில் பயணம் செய்யும் வைரஸ் பெரும்பாலும் அந்த நுனியை எட்டியிருக்காது. அதை வெட்டிக் கண்ணாடிக் குப்பியில் வைத்து, வளர்ச்சி ஊக்கிகள் கொடுத்தால், ஒரு நுனி பல குருத்தாகும்.

'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பித் தோட்டம் போட முடியுமா? ஆகவே சோதிக்கிறார்கள். இலைத்துணுக்கிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, வைரஸின் எழுத்து இருந்தால் மட்டும் அதை இரட்டிப்பாக்கச் சொல்கிறார்கள். ஒன்று இரண்டு, இரண்டு நான்கு என்று முப்பது சுற்று. ஒரே ஒரு பிரதி இருந்தாலும் நூறு கோடியைத் தாண்டிக் காட்டிக்கொடுத்துவிடும். பி.சி.ஆர். என்கிறோமே, கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டார்களே, அதே சோதனை. தேறிய கன்றுதான் வெளியே வரும். கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், நம் மலையிலேயே தடியன்குடிசையில் உள்ள அதன் ஆராய்ச்சி நிலையமும், 1993இல் திருச்சியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் வாழைக்காகப் பாடுபட்டவை. வைரஸின் ஆர்.என்.ஏ.வையே அடையாளம் கண்டு செல் வெட்டிவிடும்படி மலைவாழையின் மரபணுவில் மாற்றம் செய்தும் கோவை ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். அது ஆய்வுக்கூடத்து முயற்சி. உங்கள் தோட்டத்துக்குத் தேவையானது சோதித்த கன்று.

விவசாயப் பெருமக்களே, கைகூப்பிக் கேட்கிறேன். நல்ல கன்று வாங்கி நட்டுவிட்டு, வேலியோரம் கொண்டை போட்டு நிற்கும் பழைய கட்டையைப் பாவம் பார்த்து விட்டுவைக்காதீர்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அண்ணன் தம்பியாக இருந்தாலும் போய்ச் சொல்லுங்கள். அசுவினி வேலி பார்க்காது. முதலில் அசுவினியைக் கொல்லுங்கள், அப்புறம் கட்டையைக் கிழங்கோடு தோண்டுங்கள். முதலிலேயே வெட்டிச் சாய்த்தால் பூச்சி பறந்து அடுத்த வாழைக்குப் போய்விடும். எங்கள் சரிவில் அப்பா செய்த தவறு அதுதான். அவருக்கு அதைச் சொல்ல அன்று ஆளில்லை.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். பக்கத்து அறையில் இரண்டு நுண்ணோக்கிகள் இருக்கின்றன. நான்கு நாளைக்கு முன் தண்ணீரில் வைத்த மலைப்பூண்டின் வேர் நுனிகளை இன்று காலை வெட்டி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி வைத்திருக்கிறேன். முதல் நுண்ணோக்கியில் இருப்பது சும்மா விட்ட வேர். கட்டுகளை இழைகள் இருபுறமும் இழுத்துப் பிரிக்கும் நேரத்தில் நின்றுபோன செல் ஒன்று நடுவில் தெரியும். இரண்டாவதில் இருப்பது கால்சிசினில் ஊறிய வேர்; அதில் சிவப்புக் கட்டுகள் பிரியாமல் சிதறிக் கிடக்கும். சின்னவர்கள் முதலில் போங்கள். பெரியவர்கள் பின்னால் வரிசையில் வாருங்கள்; அவசரம் இல்லை, கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. லென்ஸைக் கையால் தொடாதீர்கள். கண் பழகக் கொஞ்சம் பொறுங்கள். இரண்டாவதில் இரட்டையாய் ஒட்டிய சிவப்புக் கட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். பதினாறு வர வேண்டும். வந்தவர்கள் என்னிடம் வந்து சொல்லுங்கள். நான் வாசலருகே நிற்கிறேன்.